வேரைச் சுற்றிக் கரைந்த எலும்பை ஸ்டெம் செல்லால் வளர்க்க

ஈறு நோயில் கரைந்த தாடை எலும்பு தானாகத் திரும்பி வளராது, அதனால்தான் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறி வளரக்கூடிய மூலச் செல்) என்றதும் ஆசை வருகிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் வேரில் ஒட்டிய காரையை ஆழமாகச் சுரண்டி எடுக்க வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் எந்த செல்லை வைத்தாலும் வீண்.

அப்புறம் எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்த குழியின் வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கி, மூன்று பக்கம் எலும்புச் சுவர் நிற்கும் குழியில்தான் பலன் அதிகம், கிடைமட்டமாகத் தேய்ந்ததை உயர்த்துவது மிகக் கடினம்.

சரி, செய்முறை. டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நோயாளியின் ஞானப்பல் மாதிரி வேண்டாத பல்லைப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருக்கும், பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநாரின் செல்களை (இதில் ஸ்டெம் செல் இருப்பது 2004இல்தான் அறிவிக்கப்பட்டது) ஆய்வகத்தில் மெல்லிய தாளாக வளர்த்து, 3 தாள்களை அடுக்கி, சுத்தம் செய்த வேரின்மேல் ஒட்டி, மீதிக் குழியைக் கால்சியம் பாஸ்பேட் துகள்களால் நிரப்பினார்கள். 2018இல் வெளியான முடிவில், 6 மாதத்தில் எலும்பு சராசரியாக 2 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆனால் மொத்தமே 10 பேர், ஒப்பிட வேறு குழு கிடையாது.

உங்கள் ரத்தத்தைச் சுழற்றி எடுத்த பிஆர்எஃப் (தட்டணுக்கள் நிறைந்த நார்ப்புரதம்) ஜெல்லியை வைத்துவிட்டு ‘ஸ்டெம் செல்’ என்று யாராவது பில் போட்டால் கேள்வி கேளுங்கள். அது கெட்டதல்ல, ஆனால் ஸ்டெம் செல் சிகிச்சையும் அல்ல.