ஆஸ்ட்ரகோடு ஓடுகளைக் கொண்டு பண்டைய நீரின் உவர்ப்பை அறிதல்

இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஆஸ்ட்ரகோடுகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ளவை. சுண்ணத்தாலான இரண்டு ஓடுகளுக்குள் வாழ்பவை. ஓர் உயிர் முதிர்வதற்குள் எட்டு முறை ஓடு கழற்றுவதால், ஒன்றே பதினெட்டு ஓடுகள் வரை வண்டலில் விட்டுச்செல்லக்கூடும்.

வண்டலை மென்மையாகக் கரைப்பதே முதல் வேலை. உலர்த்தி எடை பார்த்த மண்ணை நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீரோட்டத்தால் அலசுங்கள். அமிலம் எதுவும் கூடாது. அது ஓட்டையே கரைத்துவிடும். மீதியை உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இயன்றால் முந்நூறு வரை எண்ணுங்கள்.

இனங்களைப் பெயரிட்ட உடனே உவர்ப்பைச் சொல்லத் துணிவதுதான், என் பார்வையில், இத்துறையின் பெரும் பிழை. அவ்வுயிர்கள் அங்கேயே வாழ்ந்தனவா, அலை அடித்துக் கொண்டுவந்தனவா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். இளம் ஓடுகளும் முதிர்ந்தவையும் கலந்து கிடந்தால் அவை அங்கேயே வாழ்ந்திருக்கலாம். ஒரே அளவிலான ஓடுகள் மட்டும் கிடைத்தால் நீரோட்டம் அவற்றைச் சலித்திருக்கிறது என்று ஐயுறுங்கள்.

அடுத்து, சைப்ரிடெய்ஸ் டொரோசா என்னும் இனத்தைத் தேடுங்கள். ஏறக்குறைய நன்னீரிலிருந்து கடலினும் உப்பான நீர் வரை எங்கும் வாழ்வதால் அதன் இருப்பு மட்டும் எதையும் சொல்லாது, ஓடுதான் சொல்லும். உவர்ப்பு ஆயிரத்துக்குச் சுமார் 7 பங்குக்குக் கீழே இறங்கும்போது, பல ஓடுகளின் மேல் உட்குடைந்த குமிழ்கள் புடைத்தெழுகின்றன. எல்லா ஓடுகளிலும் அவை எழுவதில்லை. நீரிலுள்ள கால்சியத்தின் அளவும் இதில் பங்கு வகிப்பதால், குமிழுள்ளவற்றின் விகிதத்தையே கணக்கிடுங்கள். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டின் சல்லடைத் துளைகளும் தெரியும்: உப்புக் குறைந்த நீரில் வட்டத் துளைகள் மிகுதி, உப்பு ஏற ஏற ஒழுங்கற்ற வடிவங்கள் கூடுகின்றன. இந்தத் தொடர்பை ரோசன்ஃபெல்ட், வெஸ்பர் என்னும் ஆய்வாளர்கள் 1977-இல் விளக்கினர்.

ஓட்டின் ஸ்ட்ரான்சியம், கால்சியம் விகிதம் நீர் வெளியேற வழியில்லாத மூடிய ஏரிகளில் உதவும்; ஆனால் அது நீரின் விகிதத்தையே காட்டுகிறது, உவர்ப்பை நேரடியாகக் காட்டுவதில்லை. ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின்) விகிதத்தில் வெப்பநிலையின் தாக்கமும் கலந்திருக்கும். ஆகவே வேதியியலை இனங்களோடும் ஓட்டின் உருவத்தோடும் ஒப்பிட்டே படியுங்கள்.

மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த மெசினியன் உப்பு நெருக்கடி (அட்லாண்டிக்கோடு தொடர்பு குறைந்து, அக்கடல் நீர் ஆவியாகி, உப்பு பெருமளவில் படிந்த காலம்) இதற்குச் சிறந்த சான்று. அங்கே ஜிப்சத்துக்கும் உப்புப் படிவுகளுக்கும் மேலுள்ள அடுக்குகளில், கருங்கடல் பக்கத்துப் பாராடெத்திஸ் நீர்நிலைகளின் இனங்களுக்கு உறவான, கடலைவிட உப்புக் குறைந்த உவர்நீரில் வாழும் ஆஸ்ட்ரகோடுகள் கிடைக்கின்றன. கடலாக இருந்த இடத்தில் அப்போது உப்புக் குறைந்த நீர் நின்றதை நமக்குக் காட்டுபவற்றுள் அந்த ஓடுகள் முக்கியமானவை.