சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

மேலூர் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். பத்து நாளாக இன்சுலின் போட்டும் சுகர் இறங்கவில்லை என்று ஒரு பெரியவர் வந்தார். பையை வாங்கிப் பார்த்தேன். பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; எங்கள் கடைப் பையன் கொடுத்திருந்தது மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கான சிரிஞ்சு. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். எனக்கு மனசே ஆறவில்லை. சிரிஞ்சை மாற்றிக் கொடுத்து, அவருடைய டாக்டரிடமும் உடனே பேசினேன்.

பையனைத் திட்டி என்ன பயன்? அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மறுநாள் மதியம் கூட்டம் குறைந்ததும் நாலு பேரையும் உட்காரவைத்து, இரண்டு சிரிஞ்சிலும் 20 கோடு வரை தண்ணீர் இழுக்கச் சொன்னேன். "அண்ணே, இதுல பாதிகூட இல்லையே!" என்றான் அவன். நேர்மாறாக, 100 மருந்தை 40 சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு, சுகர் ஒரேயடியாக இறங்கி ஆளே மயங்கிவிடுவார்.

இப்போது சிரிஞ்சில் சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100 என்று எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள எண்களை வாங்குபவரிடம் வாசித்துக் காட்டிய பிறகே பில். அப்புறம், சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை வாங்குகிறவர்களிடம், "வெறும் வயித்தோட இருந்துடாதீங்க, படபடப்பு, வேர்வை வந்தா மூணு ஸ்பூன் சர்க்கரை" என்று பையன்களே சொல்லி அனுப்புகிறார்கள்.