பெயரை விட்டுக் காணியைப் பிடியுங்கள்: ஒரு கமக்காரக் குடும்பத்தின் வேரைக் கொழும்பிலிருந்து தேடும் முறை

கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஊரைக் கேட்டால் பல வீடுகளில் இரண்டு பெயர்கள் வரும். முதலில் கிளிநொச்சி என்பார்கள். சற்றுப் பொறுத்து, "ஆனால் அப்பப்பா தீவுப் பக்கத்திலிருந்து வந்தவராம்" என்பார்கள். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் நிற்பது காடு வெட்டக் கிளம்பிய ஒரு தலைமுறை. கிளிநொச்சி வயல்களுக்கு நீர் தரும் இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. அரச காணியை அனுமதிப்பத்திரத்தின் மூலம் கமக்காரருக்குப் பகிர்ந்தளிக்க வழிசெய்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. யாழ்ப்பாணத்தின் இடநெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் மாற்றாக 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. அப்படிப் போன ஒருவரின் பேரப்பிள்ளையாகவோ பூட்டப்பிள்ளையாகவோ இருந்து, இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உட்கார்ந்துகொண்டு குடும்பத்தின் வம்சாவளியை எழுத விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குடும்பப் பெயரைத் தேடிப் பின்னோக்கிப் போகும் முறை, குடும்பப் பெயர் வைத்திருக்கும் சமூகங்களுக்கு உதவும், நமக்கு உதவாது. நமக்கு முன்னால் நிற்பது தகப்பனின் பெயர், அதுவும் ஒரு தலைமுறையோடு உதிர்ந்துவிடும். பேரனின், அதாவது பாட்டனின், பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கத்தால் வேலுப்பிள்ளை மகன் கந்தையா, கந்தையா மகன் வேலுப்பிள்ளை, மறுபடியும் வேலுப்பிள்ளை மகன் கந்தையா என்று ஒரே இரண்டு பெயர்கள் நூறு ஆண்டுகளுக்கு மாறி மாறி வரும். வீட்டில் சின்னத்தம்பி என்று அழைக்கப்பட்டவர் பதிவேட்டில் வேறொருவராக இருப்பார். ஆனால் காணி அப்படி மாறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு தறைக்கும் வயலுக்கும் தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர் காணிப் பத்திரங்களில் உறுதிக்கு உறுதி அப்படியே எழுதப்பட்டு வரும். ஆகவே ஆளைத் தேடுவதை விடக் காணியைத் தேடி, அதன் மீது கை வைத்தவர்களை வரிசைப்படுத்துவதே நம்பகமான வழி.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பழைய இரும்புப் பெட்டியில் இருக்கும் உறுதிகள், ஓலைச் சாதகங்கள், இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையில் விநியோகித்த, கல்வெட்டு எனப்படும் நினைவுப் புத்தகங்கள் ஆகியவற்றை முதலில் ஒரே இடத்தில் சேருங்கள். கல்வெட்டில் இருக்கும் பாடல்களைத் தாண்டிப் போனால் பின்பக்கத்தில் பெரும்பாலும் வம்சாவளி அட்டவணை ஒன்று இருக்கும். இவ்வாறான நினைவு மலர்கள் பல 'நூலகம்' என்னும் இணைய எண்ணிம நூலகத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. மரண அறிவித்தல்களையும் தவற விடாதீர்கள். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் உருத்திரபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் அந்த ஒற்றை வாக்கியம், பெற்றோர், மாமன் மாமி, சகோதரர், சம்பந்திகள் என ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரு மூச்சில் சொல்லிவிடும். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. இறந்த திகதி தெரிந்தால் தேசிய சுவடிகள் காப்பகத்தில் அந்த வாரத்துப் பத்திரிகைகளைக் கேட்டுப் புரட்டலாம்.

அடுத்தது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகள். இலங்கையில் குடிசார் பதிவு 1867ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு முறைப்படத் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகளையே நம்ப வேண்டும். போரில் வடக்கின் அலுவலகங்கள் இழந்தவை ஏராளம் என்றாலும், பதிவுகள் இரட்டைப் பிரதியாக எழுதப்பட்டு ஒன்று தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டன. கிளிநொச்சியில் "இல்லை" என்ற பதில் வந்தால் அதோடு கைவிடாமல் கொழும்பில் மத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். சரியான ஆண்டு தெரியாவிட்டால் முன்னும் பின்னும் சில ஆண்டுகளைச் சேர்த்துத் தேடும்படி கேளுங்கள். பழைய பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் எழுதப்படாமல் கூட இருக்கலாம். தாயின் கன்னிப் பெயரையும் தகப்பனின் பிறந்த இடத்தையும் வைத்து அது நம்முடைய ஆள்தானா என்று முடிவுசெய்ய வேண்டும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிந்திய பிறப்புச் சான்றிதழ்களில், பேரனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றையும், சில வேளை பூட்டனாரின் விவரத்தையும் கேட்கும் கூடுகள் உண்டு. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அந்தச் சட்டத்தின் நிழல்தான் அந்தக் கூடு. இருந்தாலும் வம்சாவளி தேடுபவருக்கு ஒரே தாளில் நான்கு தலைமுறை கிடைப்பது அங்கேதான். எனவே இறந்துபோன அப்பப்பாவின் சான்றிதழை மட்டும் தேடி அலையாமல், 1950களில் பிறந்த பெரியப்பாமார், அத்தைமார் எல்லோருடைய சான்றிதழ்களையும் கேட்டு வாங்குங்கள்.

இனிக் குடியேற்றக் காணி. அனுமதிப்பத்திரமோ அதன் பின் வழங்கப்பட்ட அளிப்புப் பத்திரமோ கையில் இருந்தால் அதில் நில அளவைப் படத்தின் இலக்கமும் காணித்துண்டின் இலக்கமும் இருக்கும். அந்த இலக்கங்களைக் கொண்டு நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் படத்தின் பிரதியைக் கேட்கலாம். பக்கத்துத் துண்டுகள், வாய்க்கால், பாதை எல்லாம் அதில் தெரியும். பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் அனுமதிப்பத்திரம் பெற்றவர், அவர் நியமித்த பின்னுரித்தாளர், பின் யாருக்கு மாறியது என்ற விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். பத்திரம் தொலைந்திருந்தால் பெயரோடு வாய்க்கால் இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் அங்கே பழைய குடியேற்றவாசிகள் தம்மை வாய்க்காலை வைத்தே அடையாளம் சொல்வார்கள். நிர்வாக எல்லைகளையும் கவனிக்க வேண்டும். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது; அதற்கு முந்திய கடிதங்களும் பதிவுகளும் யாழ்ப்பாண மாவட்டத்தின் பெயரிலேயே கோவைப்படுத்தப்பட்டிருக்கும். முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் உருவானது, ஆதலால் முத்தையன்கட்டுப் பக்கம் போன குடும்பங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குடியேற்றக் காணியின் பேரேட்டை மட்டும் வைத்து வம்சாவளி எழுதினால் அதில் ஆண்களே நிறைந்திருப்பார்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கு நெடுங்காலமாக ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை தந்தது என்பதே அதற்குக் காரணம். பெண்களின் வழி, விட்டு வந்த ஊரின் உறுதிகளில் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். அந்த வழமைப்படி தாயின் சீதனம் பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும். தகப்பனின் பரம்பரைச் சொத்தான முதுசம் ஆண் பிள்ளைகளிடம் வரும். கணவனும் மனைவியும் சேர்ந்து தேடியது தேடிய தேட்டம். இதனால் ஒரு சீதனக் காணியின் உறுதிகளைப் பின்னோக்கி வாசித்தால் அம்மம்மா, அவருடைய தாய், அந்தத் தாயின் தாய் எனப் பெண்கள் வரிசையாக வருவார்கள். மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டியிருந்தபடியால் கணவனின் பெயரும் அதே உறுதியில் இருக்கும். வாக்காளர் இடாப்பில் பெண்கள் வருவது 1931இன் சர்வசன வாக்குரிமைக்குப் பிறகுதான். சீதன உறுதியில் அவர்கள் அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே இருக்கிறார்கள்.

ஓர் உறுதியை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். எங்கள் வீட்டில் இருந்த ஒன்று, ஓரங்கள் பூச்சி அரித்த நீல நிறத் தாள். மேலே உறுதியை எழுதிய நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி. இவை மூன்றும்தான் காணிப் பதிவகத்தின் கதவைத் திறக்கும் சாவி என்பதால் முதலில் அவற்றை எழுதிக்கொண்டேன். அதன் பின் கோயிற்பற்று, குறிச்சி என்னும் ஊர்ப் பிரிவுகள், காணியின் பெயர், பரப்புக் கணக்கு. அதற்கும் கீழே கண்ணைச் சிமிட்டாமல் வாசிக்க வேண்டிய பகுதி இருக்கிறது: கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரும் பங்காளரும், தெற்கே இன்னாரின் பெண்சாதி இன்னாள். எங்கள் பூட்டியின் காணிக்குக் கிழக்கிலும் தெற்கிலும் இருந்த இரண்டு பெண்களும் அவருடைய உடன்பிறந்த சகோதரிகள் என்பது, அவர்களுடைய உறுதிகளையும் எடுத்துப் பார்த்த பின்பு தெரிந்தது. ஒரு காணியைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகத் துண்டு போட்டால் அயலவர் என்று எழுதப்படுபவர் சகோதரர்தானே. வீட்டில் எவருக்கும் நினைவில்லாத இரண்டு கிளைகளை அந்த நான்கு எல்லைகள் எனக்குக் காட்டின.

காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு தாள் உண்டு. ஒல்லாந்தர் காலத்துப் பதிவேட்டைப் போலவே அந்தப் பதிவையும் யாழ்ப்பாணத்தார் தோம்பு என்றே சொல்வார்கள். உறுதி இலக்கத்தைக் கொடுத்துத் தாளின் பிரதி கேட்டால் விற்பனை, ஈடு, சீதனம், நன்கொடை யாவும் திகதி வாரியாக வரும். அளவையும் கவனியுங்கள்: 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது மேட்டுநிலக் கணக்கு, நெல் வயலுக்கு 24 பரப்பு ஓர் ஏக்கர். இரண்டையும் குழப்பினால் ஒரே காணி இரண்டு காணிகளாகத் தோன்றும்.

சண்டை போட்ட குடும்பமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். நீதிமன்றத்தில் பிரிவிடல் வழக்கு எனப்படும் பாகப்பிரிவினை வழக்கில் வழக்காளி வம்சாவளி அட்டவணை ஒன்றை இணைக்க வேண்டும் என்று 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதற்கு முந்திய வழக்குகளிலும் உரித்தை நிறுவ வம்சாவளி காட்டப்பட்டது. எதிர்த்தரப்பு அதை மறுத்திருந்தால் இன்னும் நல்லது, மறுப்பில் வேறொரு வம்சாவளி இருக்கும். மேன்முறையீட்டுக்குப் போன வழக்குகள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகியிருக்கும். ஆனால் அந்த அட்டவணையைக் காணிக்காக எழுதியவர்கள் என்பதை மறக்காதீர்கள். பங்கு இல்லாத பிள்ளையும் பிள்ளையில்லாமல் இறந்தவரும் அதில் இல்லாது போகலாம்.

தேசிய சுவடிகள் காப்பகம் கொழும்பு 7இல் உள்ளது. அடையாள அட்டையோடு, வாசகர் அனுமதிக்கான நேரத்தையும் கணக்கிட்டுக் காலையிலேயே போங்கள். பேனையை விட்டுப் பென்சிலை எடுத்துச் செல்லுங்கள். வர்த்தமானி 1802 முதல் அங்கே உள்ளது. அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் நிர்வாக அறிக்கைகளும் உங்கள் ஆளின் பெயரைச் சொல்லாவிட்டாலும் எந்த ஆண்டு மழை பொய்த்தது, எந்தக் குளம் உடைத்தது, எங்கே காய்ச்சல் பரவியது என்பதைச் சொல்லும். ஒரே ஆண்டில் இரண்டு பிள்ளைகளின் இறப்புப் பதிவு ஏன் வந்தது என்பதற்கு விடை அங்கே கிடைக்கலாம். வன்னியைப் பற்றித் தேடுவோருக்கு 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல் அவசியம். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் ஆட்களையும் காணிகளையும் தோம்புகளில் பதிந்தனர். காப்பகத்திலுள்ள அவர்களுடைய ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எல்லாக் கோயிற்பற்றுகளுக்கும் தோம்பு எஞ்சவில்லை, ஆகையால் முதலில் பட்டியலைப் பாருங்கள். எழுத்து ஒல்லாந்த மொழியில் இருக்கும். தமிழ்ப் பெயரை ஒல்லாந்தக் காதால் கேட்டு எழுதியதை உரக்க வாசித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். உறுதிகளில் கண்ட காணிப் பெயரோடு ஒப்பிடாமல் ஆளின் பெயரை மட்டும் வைத்து எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பப்பாவின் பெயரும் அவருடைய தகப்பனின் பெயரும் ஒன்றாக அமைந்த வேறொருவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் அலைந்தேன். ஊரும் ஒன்று, தொழில் "கமம்" என்பதும் ஒன்று. கடைசியில் காணியின் பெயர் ஒத்துவரவில்லை. அப்பப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரரின் குடும்பத்தை நான் கவனமாக எழுதி முடித்திருந்தேன்.

திகதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதக ஓலையில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வருடம் என்றால் 1876 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1936இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். "தாது வருடம் காடு வெட்டினவர்" என்று அப்பாச்சி சொன்னால் கிளிநொச்சியை வைத்து 1936 என்று தீர்மானிக்கலாம். "தாது வருடம் பிறந்தவர்" என்றால் அவருடைய மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதற்கு ஆதாரமான உறுதி இலக்கத்தையோ பதிவு இலக்கத்தையோ குறித்து, ஆதாரம் இல்லாமல் வாய்மொழியாக மட்டும் கிடைத்ததைப் பென்சிலால் எழுதுங்கள். பெண்களின் பெயரைக் கணவனின் பெயருக்குள் மறைக்காமல் தகப்பன் பெயரோடு தனியாக எழுதுங்கள். பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து, ஊருக்குப் போகும்போது எண்பது வயது தாண்டிய பெரியம்மா ஒருவரிடம் காட்டி, அவர் வெட்டச் சொல்லும் பெயரை வெட்டிவிடாமல் அருகில் கேள்விக்குறி போட்டு, அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் அவருடைய சொல்லிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.