தேவை வந்தால் மட்டும் தேடிப் போவதும், ஆட்களோடு பழகுவதில் நாம் செய்யும் மற்ற தவறுகளும்

ரொம்ப நாளாகப் பேச்சே இல்லாத ஒருவரிடமிருந்து திடீரென்று "எப்படி இருக்கீங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரு செய்தி வந்தால், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலைக்கு யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும், அல்லது அவசரமாக ஒரு காரியம் ஆக வேண்டும். உதவி கேட்பதில் தப்பே இல்லை, மனிதர் மனிதரிடம்தானே கேட்க முடியும். இடையில் இத்தனை வருடம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, காரியம் வந்த அன்று மட்டும் நலம் விசாரிப்பதுதான் கசக்கிறது. நாம் செய்யும் தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான்.

ஆனால் இது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, பெரும்பாலும் தயக்கத்தால் நடக்கிறது. இத்தனை நாள் கழித்துக் கூப்பிட்டால் என்ன நினைப்பாரோ, வேலையாக இருப்பாரோ என்று இன்றைக்குத் தள்ளிப் போடுகிறோம், அது மாதமாகி வருடமாகிறது, வருடமானதும் கூச்சம் இரண்டு மடங்காகிறது. பெக்கி லியூ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 2022இல் வெளியிட்ட சோதனைகளில், பழகிய ஒருவருக்குச் சும்மா விசாரித்து ஒரு குறிப்போ சின்னப் பரிசோ அனுப்பியவர்கள், அது அவரை எவ்வளவு சந்தோஷப்படுத்தும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். பெற்றவர்களோ, எதிர்பாராமல் வந்ததற்காகவே அதைக் கூடுதலாக மதித்தார்கள். நம் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். எதிரில் இருப்பவரின் மனதை நாம் தப்பாகக் கணிக்கிறோம், அதுவும் ஒரே பக்கமாக. தேடிப் போவதையும் கூப்பிடுவதையும் அவருக்குத் தொந்தரவு என்று எண்ணிக்கொள்கிறோம், எழுதி அனுப்பியது மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும், புரிந்தும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

எழுத்தை அப்படி நம்புவது தனித் தவறு. "சரி" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்புகிறோம், நமக்கு அது சம்மதம். வாங்கியவருக்கு அது கோபமாகத் தெரியலாம், அலட்சியமாகத் தெரியலாம், அப்புறம் ஒரு வாரம் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் 2005இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கேலியா நிஜமா என்பதைப் படிப்பவர்கள் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள், உண்மையில் புரிந்தது 56 தடவைதான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். எழுதுகிறவரின் மண்டைக்குள் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டே இருப்பதால், அது எழுத்திலும் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அதனால் மனஸ்தாபம் வந்த விஷயத்தை, சம்பள விஷயத்தை, ஒருவர் வேலையில் குறை சொல்ல வேண்டிய விஷயத்தைத் தட்டச்சு செய்து தீர்க்கப் பார்க்காதீர்கள். இரண்டு செய்திக்குள் முடியவில்லையா, எழுந்து போய்ப் பேசுங்கள், இல்லையென்றால் கூப்பிடுங்கள்.

இதே இடத்தில் எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. ஒருவர் சொல்வதில் 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்தான், சொற்கள் வெறும் 7 சதவீதம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்து எடுத்தது. அவர் பார்த்தது, சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, பிடித்திருக்கிறதா இல்லையா என்ற உணர்ச்சியை மக்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை மட்டும்தான். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். நேரில் போய்ச் சிரித்துக் கைகொடுத்தால் போதும், சொல்ல வேண்டியதை யோசிக்காமல் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

உதவி கேட்கும் விஷயத்துக்கு வருவோம். மஹ்தி ரோகானிசாத், வனெசா போன்ஸ் இருவரும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 45 பேர், ஆளுக்கு 10 என்று 450 அந்நியர்களிடம் ஒரு சின்னக் கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டார்கள், பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் மின்னஞ்சலில், அதே வாசகங்களில். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன் இருக்கும் என்றுதான் கேட்கப் போனவர்களும் நினைத்தார்கள். நேரில் கேட்டது 34 மடங்கு பலித்தது. இது அந்நியர்களிடம் கேட்ட சின்ன உதவி, எல்லா இடத்திலும் இதே எண் வராது. ஆனாலும் ஐம்பது பேருக்கு ஒரே விண்ணப்பத்தை நகலெடுத்து அனுப்பிவிட்டு யாருமே பதில் போடவில்லை என்று மனம் நொந்து உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே நேரம், நேரில் கேட்பது ஏன் பலிக்கிறது? மறுக்கச் சங்கடமாக இருக்கிறது, அதுவும் ஒரு காரணம். முகதாட்சண்யத்துக்காக ஒருவர் "சரி" சொல்லிவிட்டு உள்ளுக்குள் புழுங்குவது நமக்கு லாபமே இல்லை. அடுத்த தடவை நம்மைத் தூரத்தில் பார்த்ததுமே ஒதுங்கிப் போவார். கேட்கும்போதே "முடியாவிட்டால் பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்று அவருக்கு ஒரு வழி விட்டுக் கேளுங்கள், அதை மனதாரவும் சொல்லுங்கள்.

நெருங்கியவர்களை மட்டும் நம்பியிருப்பது வேலை தேடுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் கிடைத்தது சுமார் 17 சதவீதம், எப்போதாவது பார்க்கிறவர் மூலம் 56, வருடத்துக்கு ஒரு தடவையோ அதைவிட அரிதாகவோ பார்க்கிறவர் மூலம் 28. காரணம் யோசித்தால் எளிமையானது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும், அவருக்குப் பழக்கமானவர்கள் நமக்கும் பழக்கமானவர்கள். புதுச் செய்தி கொஞ்சம் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். 2022இல், வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தின் 2 கோடிப் பேரை ஐந்து வருடத் தரவுகளில் ஆராய்ந்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது, ஒரு திருத்தத்தோடு: ரொம்பத் தூரத்துப் பழக்கத்தைவிட, நடுத்தரமாகப் பழகியவர்கள்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவியிருக்கிறார்கள். ஆகவே பழைய அலுவலகத்தில் பக்கத்துப் பிரிவில் இருந்தவர், ஒரு பயிற்சியில் சேர்ந்து படித்தவர், இவர்களை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது விசாரித்துக்கொண்டே இருங்கள். பெயரைக் கைபேசியில் பதிந்து வைத்திருப்பது பழக்கம் ஆகாது.

இப்படிச் சொன்னதும் சிலர் நேர் எதிராகப் போய், பார்க்கிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அதுவும் நடக்காது. ஒரு மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உண்மையான உறவு வைத்துக்கொள்ள முடியும், அதற்குள்ளும் 5, 15, 50 என்று வட்டங்கள் உண்டு என்று ராபின் டன்பார் 1990களிலிருந்து சொல்லி வருகிறார். அந்த எண்ணை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எண் எப்படியிருந்தாலும் நம் நேரத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. ஜெஃப்ரி ஹாலின் 2018 ஆய்வின்படி அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஒரு விருந்தில் முப்பது பேரிடம் பெயர் அட்டை கொடுத்து வாங்குவதைவிட, இரண்டு பேரிடம் நிதானமாகப் பேசிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

பேசும்போது என்ன தவறு செய்கிறோம்? நம்மைப் பற்றியே பேசுகிறோம். அவர் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்றால், "எங்க அம்மாவுக்கும் போன வருஷம்..." என்று ஆரம்பித்துவிடுகிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் பேச்சு நம் பக்கம் வந்துவிட்டது. "இப்போ எப்படி இருக்காங்க? யார் பார்த்துக்கறாங்க?" என்று அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கேரன் ஹுவாங் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தொடர்ந்து விசாரிப்பவர்களைத்தான் மற்றவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பார்ப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உள்ளே வையுங்கள்.

அலுவலகத்தில் நடக்கும் தவறு இரண்டு விதம். எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தால் தானாகப் பேசிக்கொள்வார்கள் என்று நினைப்பது ஒன்று. ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சுவர்களை எடுத்துத் திறந்த கூடமாக மாற்றிய இரண்டு நிறுவனங்களில் நேரடிப் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் மனிதர்கள் பேசத் தயங்குகிறார்கள். தனியாகப் பேச ஒரு மூலை இல்லையென்றால் பேச்சே இல்லை. இன்னொன்று, எல்லாவற்றுக்கும் ஆட்களை நேரில் கூட்டுவது. மெலனி ப்ரக்ஸ், ஜொனாதன் லெவாவ் 2022இல் கண்டது, காணொளியில் பேசிய ஜோடிகளுக்கு நேரில் பேசிய ஜோடிகளைவிடக் குறைவான யோசனைகள்தான் வந்தன. ஆனால் வந்த யோசனைகளில் எது நல்லது என்று தேர்ந்தெடுப்பதில் அவர்கள் குறைந்து போகவில்லை. புதிதாக யோசிக்கவும், மனவருத்தம் தீர்க்கவும், புது ஆளோடு பழகவும் நேரில் கூடுங்கள். வாராந்தரக் கணக்கு சொல்வதற்கு யாரையும் இரண்டு மணி நேரம் பயணம் செய்ய வைக்காதீர்கள்.

தூரத்தில் இருப்பவர்கள், வெளியே போக முடியாதவர்கள் என்ன செய்வது? குரல் இருக்கிறது. 2021இல் அமித் குமாரும் எப்லியும், பழைய நண்பரோடு சிலரைத் தொலைபேசியிலும் சிலரை மின்னஞ்சலிலும் மறுபடி தொடர்புகொள்ளச் சொன்னார்கள். பேசினால் சங்கடமாக இருக்கும் என்றுதான் பலர் பயந்தார்கள். சங்கடம் ஏதும் வரவில்லை, பேசியவர்களுக்கு நெருக்கம்தான் கூடியது.

சிபாரிசு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒருவர் பெயரை அவரைக் கேட்காமல் இன்னொருவரிடம் பயன்படுத்தாதீர்கள். அவர் அறிமுகப்படுத்திவைத்த பிறகு என்ன ஆனது என்று அவரிடம் சொல்லாமலும் இருந்துவிடாதீர்கள். வேலை கிடைத்தால் நன்றி சொல்கிறோம், கிடைக்காவிட்டால் அப்படியே காணாமல் போகிறோம். உங்களுக்காக வாய் திறந்தவருக்கு இரண்டிலுமே ஒரு பதில் சேர வேண்டும்.

கடைசியாக, எனக்கு ரொம்ப வருத்தம் தருவது: ஒருவருக்குக் கஷ்டம் வந்ததும் ஒதுங்கிக்கொள்வது. வேலை போனவரை, வீட்டில் ஒருவரை இழந்தவரை, பெரிய நோய் வந்தவரைப் பார்க்கப் போவதற்கு, என்ன பேசுவது என்று தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் நல்லவர்கள்கூடத் தயங்குகிறார்கள். அவருக்கோ எல்லோரும் தன்னை விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். 148 ஆய்வுகளையும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவின் 2010 ஆய்வில், நல்ல உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலம் முடியும்போது உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. சரியான வார்த்தை கிடைக்கும் வரை காத்திருக்காமல் போங்கள். "கேள்விப்பட்டேன், பார்க்கணும்னு வந்தேன்" போதும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள், யோசித்துக் கேட்கிற வேலையையும் அவர் தலையிலேயே கட்டுவதாகிவிடும். "வியாழக்கிழமை மருத்துவமனைக்கு நான் கூட வரேன்", "உங்க விவரத்தை அனுப்புங்க, எங்க பிரிவுத் தலைவர்கிட்ட நானே கொடுக்கறேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், மாதம் ஒன்று ஆனதும் மறுபடி ஒரு தடவை கூப்பிடுங்கள்.