இறுகிய தசையுறையை அழுத்தத்தாலும் மூச்சாலும் தளர்த்தும் முறை

பின்னுக்குச் சாய்ந்து கரைவலைக் கயிறு இழுப்பவர்களுக்கும், பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் மாலையானால் இடுப்பும் முதுகும் பலகை வைத்துக் கட்டியது போல் விறைத்துப்போவதுண்டு. இந்த விறைப்பில் தசைக்கு உள்ள பங்கைப் போலவே, தசையைப் போர்த்தியிருக்கும் ஃபேசியா என்னும் உறைக்கும் பங்கு உண்டு. கொலாஜன் நார்களால் ஆன இந்த உறையின் அடுக்குகள், இடையில் உள்ள ஹயலுரோனிக் அமிலத்தின் வழவழப்பால் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. கீழ்முதுகில் அகன்று விரியும் உறை ஒரு பக்கத்துப் பிட்டத் தசையை மறுபக்கத்து முதுகுத் தசையோடு இணைப்பதால், வலக்கையால் இழுத்த இழுப்பை இடப்பக்க இடுப்பும் சேர்ந்தே தாங்குகிறது.

"நல்லா மிதிச்சு விட்டாத்தான் கேக்கும்" என்பது கரையோரத்தில் பலரும் சொல்வது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உள்ளங்கால், வெளித்தொடை போன்ற இடங்களில் உள்ள தடித்த உறையை ஒரு விழுக்காடு நசுக்குவதற்கே மனிதக் கையின் வலு போதாது என்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கீடு காட்டியது. அப்படியானால் தளர்வது எது என்றால், உறைக்குள் இருக்கும் ரஃபினி போன்ற நரம்பு முனைகள் மெதுவான, நீடித்த அழுத்தத்தை உணர்ந்து தசையின் முறுக்கத்தைக் குறைக்கின்றன என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். வலி தாங்காமல் உடல் எதிர்த்து இறுகும்படி அழுத்தினால், பலன் நேர்மாறாகிவிடும்.

இதற்கு ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு சுவரும் போதும். பந்தை நீளமான காலுறைக்குள் போட்டு, காலுறையின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டால் பந்து நழுவி விழாது. வலையில் கட்டும் நெகிழி மிதவை கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தாலும் அதை எடுக்க வேண்டாம். அது எலும்பில் உறுத்தும் அளவுக்குக் கெட்டியானது.

முதலில் பிட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் முதுகு வலிக்கிறது என்று வருகிற பலருக்கும் இறுக்கம் அங்கேயும் இருக்கும். சுவரில் சாய்ந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, பிட்டத்தின் வெளிப்புறத்தில் பந்தை வைத்து, முழங்காலைச் சிறிது மடக்கி உடலின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்தின் மேல் இறக்க வேண்டும். மெல்ல நகர்த்திப் பார்த்து, மற்ற இடங்களைவிடக் கூடுதலாக நோகும் ஓர் இடம் தட்டுப்பட்டதும் அங்கேயே நிற்க வேண்டும். தாங்கவே முடியாத வலியைப் பத்து என்று கொண்டால், நான்கு அல்லது ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குப் பிறகு பந்தை உருட்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

அடுத்தது மூச்சு. நோகும் இடத்தில் அழுத்தம் பட்டவுடன் மூச்சைப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. முங்கி முங்கி மூச்சடக்கிப் பழகியவர்கள் இதில் சற்றுக் கூடுதல் கவனம் வைக்கலாம். நான்கு எண்ணும் வரை, வயிறும் விலாவும் விரியும்படி மூக்கால் உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடவும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மட்டுப்பட்டு, உடலை ஓய்வுக்குக் கொண்டுசெல்லும் நரம்புகள் வேலைசெய்யத் தொடங்குகின்றன. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தின் அடிநார்கள் இடுப்பு முள்ளெலும்புகளில் ஊன்றியிருப்பதால், ஆழ்ந்த மூச்சு ஒவ்வொன்றும் கீழ்முதுகை உள்ளிருந்தும் அசைக்கிறது. இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும் என்பதால், கடிகாரம் தேவையில்லை; ஓர் இடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு, அதாவது ஏறத்தாழ இரண்டு நிமிடம். வலி பாதியாகக் குறைந்தால் வெளிமூச்சோடு சற்றே கூடுதலாகச் சாயலாம்; குறையவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் தளர்த்த வேண்டும்.

தோளுக்கும் இதே முறைதான்: தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவிலுள்ள சதையில் பந்து இருக்கட்டும், முதுகெலும்பின் மேல் வேண்டாம். உள்ளங்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி பந்தை மிதித்தால் போதும். முடித்ததும் சில நிமிடம் மெதுவாக நடந்து, இடுப்பை இருபுறமும் திருப்பிப் பார்த்த பிறகே சுமை தூக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் பந்தின் மேல் படுத்துக் கிடப்பதைவிட, நாள்தோறும் சில நிமிடம் செய்வதே மேல்.

கழுத்தின் முன்புறம், அக்குள், முழங்காலின் பின்குழி, சுருண்டு புடைத்த ரத்தக்குழாய், பாசிப் பாறை கீறிய புண் ஆகியவற்றின் மேல் அழுத்தவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கருவுற்றவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், அது ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அப்படி இருந்தாலோ, முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலோ, பந்தை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.