மேடை உரையையும் நாவலையும் சேர்த்து ஆராயும் முறை: கானாவை முன்வைத்து

அரசியல் தொடர்பியலையும் பின்காலனிய இலக்கியத்தையும் இணைத்து ஆய்வேடு எழுத முற்படுவோர், தலைவரின் உரையை வாக்குறுதியாகவும், பின்னர் வந்த நாவலை அவ்வாக்குறுதி பொய்த்ததற்குச் சாட்சியமாகவும் கொள்வது எளிதில் நேரக்கூடியது. அவ்வாறு தொடங்கினால் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நாவலும் நாட்டு நடப்புக் குறிப்பாகச் சுருங்கிவிடும். யார், யாரை முன்னிலைப்படுத்தி, எந்த உரிமையில் பேசுகிறார் என்ற ஒரே வினாவை இரண்டு பனுவல்களிடமும் கேட்பதே பயன் தரும் வழி என்று கருதுகிறேன்.

1957 வரை பிரிட்டனின் காலனியாக இருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவை எடுத்துக்கொள்வோம். ஒரு தலைவரின் எல்லா உரைகளையும் ஆராய முயலாமல், ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். 1957 மார்ச் 5 முடிந்து 6 பிறந்த நள்ளிரவில், தலைநகர் அக்ராவின் பழைய போலோ திடலில், நாட்டின் விடுதலைப் போராட்டத் தலைவர் க்வாமே நிக்ருமா ஆற்றிய விடுதலை உரை இதற்குப் பொருத்தமானது. சிறியது, ஒலிப்பதிவும் கிடைக்கிறது. அச்சுப் பிரதியை மட்டும் நம்பாமல் பதிவைக் கேட்டு, தன்மை, முன்னிலைச் சொற்கள் வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். "உங்கள் அன்புக்குரிய நாடு" என்றென்றைக்கும் விடுதலை பெற்றுவிட்டது என்று கூட்டத்திடம் நாட்டை ஒப்படைக்கும் அதே குரல், நாட்டின் விதியை மாற்றியமைக்க மக்களையும் குலத் தலைவர்களையும் "நான்" நம்பியிருக்கிறேன் என்றும் சொல்கிறது. நாடு உங்களுடையது, அதை மாற்றும் பணி என்னுடையது, நீங்கள் துணை நிற்பவர்கள் என்ற இந்த உறவுநிலைதான் உங்கள் ஆய்வின் கரு.

அடுத்து, அதே தலைவர் வேறோர் அவையில் பேசியதை அருகில் வையுங்கள். 1953 ஜூலை 10 அன்று சட்டமன்றத்தில் தன்னாட்சித் தீர்மானத்தை முன்மொழிந்தபோது, எதிரே உறுப்பினர்கள் இருந்தாலும் கோரிக்கை லண்டனை நோக்கியது. சொற்களோடு நின்றுவிடவும் கூடாது. விடுதலை இரவில் நிக்ருமா வடபகுதி மக்களின் மேலங்கியும், சிறை சென்றவர் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் பொறித்த தொப்பியும் அணிந்திருந்தார். ஆங்கில உரையைப் பின்தொடர இயலாதவர்களுக்கும் அந்த உடை பேசியது. 1948இல் அவர் தொடங்கிய 'அக்ரா ஈவினிங் நியூஸ்' நாளிதழையும் இந்தச் சூழலில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி நாவல். கானா எழுத்தாளர் அயி க்வெய் ஆர்மாவின் 'தி பியூட்டிஃபுல் ஒன்ஸ் ஆர் நாட் யெட் பார்ன்' 1968இல் வெளிவந்தது. கையூட்டு வாங்க மறுக்கும் பெயரற்ற ரயில்வே எழுத்தரைச் சுற்றி அமைந்த கதை. ஊழல் வர்ணனைகளைத் தொகுப்பதில் பக்கங்களைச் செலவிடாதீர்கள். நீங்கள் தங்க வேண்டிய இடம் ஆறாம் அத்தியாயம். பெரும்பாலும் படர்க்கையில் செல்லும் நாவல் இங்கே தன்மைக்கு மாறி, மேடைப் பேச்சையே காட்சியாக்குகிறது. மக்களிடமிருந்து விலகி நிற்கும் வழக்கறிஞர்களின் பேச்சு முதலில் வருகிறது. பின்னர் ஓர் இளைஞர் பேசுகிறார். தனியே தான் ஒன்றுமில்லை, ஒன்றுசேர்ந்தால்தான் ஆற்றல் உண்டு என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டவர்கள் அன்று உண்மையாகவே நெகிழ்ந்தார்கள் என்பதை நாவல் மறுக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. அதனால்தான் பின்னால் வரும் கசப்புக்கு அவ்வளவு கனம். உரையில் நீங்கள் குறித்துவைத்த "நான்", "நாம்" இரண்டையும் இந்த அத்தியாயத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கேட்பவரின் நினைவில் அரசியல் பேச்சு என்னவாகிறது என்பதை உரை ஆவணம் தராது, நாவல் தருகிறது.

1958இன் தடுப்புக் காவல் சட்டம், 1964இல் ஒரு கட்சி ஆட்சி, நிக்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்த 1966 பிப்ரவரி 24 ராணுவப் புரட்சி ஆகியவற்றைக் காலவரிசைக்காக மட்டும் பயன்படுத்துங்கள். நாவலின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நேரடி வரலாற்று இணை தேடினால் ஆய்வு புதிர் விடுவிப்பாகிவிடும்.

கடைசியாக, அதே வினாவை நாவலாசிரியரிடமும் கேட்க வேண்டும். நாவல் முதலில் அச்சானது அமெரிக்காவின் பாஸ்டனில், ஆங்கிலத்தில். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே இதை நோயுற்ற நூல் என்றும், அந்நோய் கானாவினுடையது அன்று, மனித இருப்பினுடையது என்றும் கண்டித்தார். அக்கண்டனத்தைச் சரி, தவறு என்று தீர்ப்பதைவிட, அச்செபே இந்த நாவலுக்கு எந்த வாசகரைக் கற்பனை செய்தார், ஆறாம் அத்தியாயத்தின் "நாம்" அவரது வாதத்துக்கு இடம் தருகிறதா என்று பனுவலிலிருந்தே வாதிடுவது உங்கள் இறுதி இயலுக்குப் போதுமான வேலை.