முதல் ட்ரைசூட்: வாங்கும் முன் உடுத்திப் பாருங்கள்

தியோமானிலும் பெர்ஹெந்தியானிலும் முக்குளிக்க ட்ரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடை) தேவையில்லை. அங்கே தண்ணீர் 28 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும், மெல்லிய வெட்சூட் (தண்ணீர் புகும் ரப்பர் உடை) போதும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் வெப்பநிலை 2 முதல் 4 பாகைதான். அந்த மாதிரி இடத்துக்கு ஒரே ஒரு முறைதான் போவீர்கள் என்றால் வாடகைக்கு எடுங்கள். அடிக்கடி போகப் போகிறீர்களா? சரி, வாங்கலாம்.

முதலில் அண்டர்சூட்டை, அதாவது ட்ரைசூட்டுக்குள் போடும் கதகதப்பான உடையை, வாங்குங்கள். உடம்பைச் சூடாக வைப்பது அதற்குள் தங்கும் காற்றுதான். ட்ரைலாமினேட் (மூன்றடுக்கு) துணி தண்ணீரை மட்டுமே தடுக்கும். நியோப்ரீன் (நுரை ரப்பர்) சூட் தானும் கொஞ்சம் சூடு தரும், ஆனால் கனம். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் தூக்கிப் போகிற நமக்கு ட்ரைலாமினேட்தான் என் தேர்வு: எடை குறைவு, சீக்கிரம் காயும்.

அடுத்தது அளவு. இதில் அவசரப்படாதீர்கள். என் தங்கை மெல்லிய டீ-சட்டைமேல் போட்டுப் பார்த்து வாங்கிவிட்டாள். வீட்டில் அண்டர்சூட்டோடு போட்டபோது கையைத் தலைக்குமேல் தூக்கவே முடியவில்லை. கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதனால் கடைக்காரரிடம் ஏர்கோனைக் கூட்டச் சொல்லிவிட்டு, அண்டர்சூட்டோடு உடுத்துங்கள். குந்தி உட்காருங்கள். இரு தோள்களையும் கட்டிப்பிடியுங்கள். வலது கை இடது மேற்கையில் உள்ள, காற்றை வெளியேற்றும் வால்வைத் தொட வேண்டும். முதுகுப் பக்கம் சிலிண்டர் வால்வு இருக்குமிடம்வரை கை போக வேண்டும். கவட்டில் இழுத்தால் வேறு அளவு பாருங்கள்.

அப்புறம் கழுத்து சீல், அதாவது தண்ணீர் புகாமல் கழுத்தை ஒட்டிப் பிடிக்கும் பட்டை. லேடெக்ஸ் விலை குறைவு, ஆனால் வெயிலிலும் வெப்பத்திலும் சீக்கிரம் கெடும். சிலிகோன் மென்மையானது, வளையத்தில் பொருத்தும் வகை என்றால் நாமே மாற்றிக்கொள்ளலாம். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அதுதான் சரி. புது சீல் இறுக்கமாகவே வரும். தலை கிறுகிறுத்தால் உடனே கழற்றுங்கள். கழுத்து ரத்தக்குழாய் அழுந்துகிற ஆபத்து அது. சீலில் வரி வரியாகக் கோடுகள் இருக்கும். கூரான கத்தரியால், ஒரு நேரத்துக்கு ஒரு வரி மட்டும், நிறுத்தாமல் சுற்றி வெட்டுங்கள். உடுத்தும் முன் தாலிச் சங்கிலி, தோடு, மோதிரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். ஒரு முடி சிக்கினாலும் அந்த வழியே தண்ணீர் கசியும்.

ஜிப் மார்புக்குக் குறுக்கே இருந்தால் நீங்களே மூடலாம். முதுகில் இருந்தால் துணைக்கு ஆள் வேண்டும். பித்தளை ஜிப்புக்கு மெழுகு, பிளாஸ்டிக் ஜிப்பின் முனைக்கு சிலிகோன் மசகு.

வாங்கியதும் நேராகக் குளிர்க்கடலுக்குப் போகாதீர்கள். மேலே வர வர சூட்டுக்குள் காற்று விரியும். அது காலுக்கு ஏறினால் தலைகீழாக மேலே இழுத்துவிடும். பயிற்றுநரோடு நீச்சல் குளத்தில் உடம்பைச் சுருட்டிப் புரண்டு நிமிரப் பழகுங்கள். நம் ஊர்க் குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பானது, அதனால் மெல்லிய அண்டர்சூட் போதும். வியர்க்கும் என்பதால் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

கடைசியாக, இங்கே காற்றில் ஈரம் அதிகம். சூட்டை உள்ளும் புறமும் நிழலில் காய வையுங்கள். லேடெக்ஸ் சீலில் வாசனையில்லாத டால்கம் தூவி மடித்து வையுங்கள். கார் பூட்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.